சொந்த நிலமா, குத்தகை நிலமா: முதன்முறை இணையதளம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காவிரிப் பாசனப் பகுதியில் நிலம் வாங்கப் போகிறவர் பயிரின் பசுமையைப் பார்த்து விலை பேசுவதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது, தண்ணீர் எந்த வாய்க்காலிலிருந்து வருகிறது, அறுவடை வண்டி வயலுக்குள் இறங்கப் பாதை உண்டா என்பவற்றையெல்லாம் விசாரித்த பிறகே பேச்சைத் தொடங்குவார். அதே மனிதர் தமக்கென்று ஓர் இணையதளம் தொடங்க நினைக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் முகப்பின் அழகைப் பார்க்கிறார், அடுத்து விலையைக் கேட்கிறார். அந்த இடம் யாருடையது என்ற கேள்வியை மூன்று ஆண்டுகள் கழித்து, ஏதேனும் ஒரு சிக்கல் வந்த பின்னரே கேட்கிறார்.

கும்பகோணத்தில் இருந்தபடி கைவினைஞர்கள், பாரம்பரிய நெல் விற்பவர்கள், ஊர் வரலாறு எழுதுபவர்கள் எனப் பலருக்கு இணையதளம் அமைக்க உதவிவந்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான். என் சொந்த அனுபவமும் இதிலிருந்து விலகியதன்று. எங்கள் பகுதி வாய்க்கால்களையும் குளங்களையும் பற்றி நான் எழுதிய அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் ஓர் இலவசச் சேவையில் இருந்தன. அந்தச் சேவை மூடப்பட்டபோது எழுத்துப் பகுதியை ஒருவாறு மீட்டுக்கொண்டேன். படங்களும், வாசகர்கள் எழுதியிருந்த மறுமொழிகளும் போய்விட்டன. அந்த மறுமொழிகளில்தான் வயதில் மூத்தவர்கள் தங்கள் ஊர் மடைகளின் பழைய பெயர்களை எழுதியிருந்தார்கள். அவர்களில் சிலரை இனி கேட்க முடியாது. ஆகவே, எந்தச் சேவை அழகானது என்ற கேள்விக்கு முன்பாக, எந்தச் சேவையிலிருந்து நம் பொருளை முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியும் என்ற கேள்வியை இந்த வழிகாட்டியில் வைக்கிறேன்.

முதல் படி: தேவையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யார் படிக்க வருவார்கள்? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை புதிதாகச் சேர்ப்பீர்கள்? தளத்தின் வழியாகவே பணம் வாங்க வேண்டுமா? நீங்கள் ஊரில் இல்லாத மாதத்தில் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், ஆனால் ஒரு தளம் உயிரோடிருப்பதும் பாழாவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

விடைகள் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் ஒருவருக்கு நான்கைந்து பக்கங்களே போதும்: செய்முறை, ஆச்சா மரத்தைப் பற்றிய விளக்கம், சுருதி வாரியாகக் கருவிகளின் விவரம், சில ஒலிப்பதிவுகள், தொடர்பு எண். ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றினால் அதிகம். திருபுவனத்தில் பட்டுச் சேலை விற்பவருக்கோ ஒவ்வொரு சேலையும் ஒரு தனிப் பொருள். காலையில் படமேற்றியது மாலையில் விற்றுவிட்டால் அன்றைக்கே நீக்க வேண்டும், இல்லையென்றால் இல்லாத சேலைக்கு யாரோ ஒருவர் பணம் கட்டிவிடுவார். கோயில் கல்வெட்டுகளைப் பற்றி வாரந்தோறும் எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தேவை இவ்விரண்டுமே இல்லை. நல்ல தேடல் வசதியும், ஊர்வாரியான பகுப்பும், பத்தாண்டுகளுக்குப் பிறகும் மாறாத முகவரியும் அவருக்கு வேண்டும். மூவருக்கும் ஒரே சேவையைப் பரிந்துரைப்பவர் யாரும் மூவரையும் கேட்டுப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

சிலருக்கு இணையதளமே தேவைப்படாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. தெருவில் இருக்கும் ஒரு மெஸ்ஸுக்குக் கூகுள் வரைபடத்தில் சரியான இடக்குறிப்பும், வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியலும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் படி: டொமைன் பெயரை உங்கள் பெயரில் பதிவு செய்தல்

டொமைன் பெயர் என்பது உங்கள் தளத்தின் முகவரி. நம் வழக்கில் சொன்னால் அதுதான் பட்டா. கட்டடத்தை இடித்துவிட்டு வேறு கட்டடம் எழுப்பலாம், முகவரி உங்களுடையதாக இருக்கும் வரை வாசகர் அதே இடத்துக்கு வந்து சேர்வார். எனவே எந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தாலும், இலவசச் சேவையே ஆனாலும், டொமைன் பெயரைத் தனியாக, ஒரு பதிவு நிறுவனத்தின் வழியாக, உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள். டாட் காம் முகவரி ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக ஆகும். டாட் இன் முகவரி வழக்கமாக அதைவிடக் குறைவு. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ் எழுத்திலேயே முகவரி வேண்டுவோருக்கு டாட் இந்தியா என்ற தமிழ் ஈறும் இருக்கிறது. ஆனால் அதை இரண்டாவது முகவரியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பல படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் அத்தகைய முகவரியை இன்னும் ஏற்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு சிற்பி சுவாமிமலைப் பக்கத்தில் பஞ்சலோகப் படிமங்கள் வார்ப்பவர். அவருடைய தளத்தை அமைத்துக் கொடுத்தவர் முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். காலக்கெடு முடிந்தபோது நினைவூட்டல் கடிதங்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே சென்றன. சிற்பிக்கு எதுவும் தெரியவில்லை. வேறு யாரோ அந்த முகவரியை எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சான முகவரி இப்போது சம்பந்தமில்லாத ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. தளம் அமைத்துத் தருபவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், பதிவு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பத்திரம் பதியும்போது நாம் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லையா?

பெரிய நிறுவனங்களின் கையிலிருந்துகூட முகவரி நழுவுவதுண்டு. பிளாகர் சேவை ஒரு காலத்தில் இந்திய வாசகர்களுக்குப் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரியைக் காட்டிவந்தது. 2020-இல் அந்த முகவரி கூகுளின் வசமிருந்து போய்விட்டது. பிற தளங்களிலும் கட்டுரைகளிலும் அந்த வடிவத்தில் சேமித்துவைத்திருந்த இணைப்புகள், தமிழ் வலைப்பூக்களுடையவை உட்பட, வேலை செய்யாமல் போயின. வலைப்பூ அழியவில்லை, அதற்குப் போகும் பாதை அழிந்தது. தமக்கென்று சொந்த முகவரி வைத்திருந்தவர்களை இது தொடவேயில்லை.

மூன்றாம் படி: சேவைகளின் வகையை அறிதல்

இணையதளம் கட்டவும் எழுத்தை வெளியிடவும் உதவும் சேவைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், நிலத்தை வைத்தே அவற்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை போன்றவை முழுக் குத்தகை. இடம், மென்பொருள், பாதுகாப்பு, வடிவமைப்பு எல்லாம் அவர்களுடையவை. நீங்கள் மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தொகை கட்டிவிட்டு, திரையில் பெட்டிகளை இழுத்து வைத்துப் பக்கத்தை உருவாக்குகிறீர்கள். கணினி அறிவு குறைவாக உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறோர் இடத்தில் நிறுத்த வழியில்லை. எழுத்தையும் படங்களையும் பிரதி எடுத்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஸ்கொயர்ஸ்பேஸ் எழுத்துப் பகுதியில் பெரும்பகுதியை வேர்ட்பிரஸுக்கு ஏற்ற கோப்பாகத் தருகிறது, வடிவமைப்பைத் தருவதில்லை. ஷாப்பிஃபை 2006-இல் கனடாவில் தொடங்கிய கடைச் சேவை. பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இவற்றுள் இதுவே வெளியேறுவதற்கு எளியது.

பிளாகரும் வேர்ட்பிரஸ் டாட் காமும் தரும் இலவச வலைப்பூக்கள் இரண்டாம் வகை. பிளாகர் 1999-இல் தொடங்கி 2003-இல் கூகுளின் கைக்கு வந்தது. இன்றும் இயங்குகிறது, தமிழ் இடைமுகம் உண்டு, சொந்த முகவரியை இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. புதிய வசதிகள் அதிகம் சேர்வதில்லை என்பது அதன் குறை. ஒரு நிறுவனம் இலவசமாகத் தருவதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதற்கு அதே கூகுளிடமிருந்தே சான்று இருக்கிறது: கடைகளுக்காகக் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உருவாக்கித் தந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னும், 1999-இல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது உலகெங்கும் எத்தனையோ தனிமனிதர் பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன.

மூன்றாவது, எழுத்தையும் வாசகரையும் நேரடியாக இணைக்கும் சேவைகள். 2012-இல் வந்த மீடியம், 2017-இல் வந்த சப்ஸ்டாக் ஆகியவை இவ்வகை. சப்ஸ்டாக்கில் எழுதுவதற்குக் கட்டணமில்லை, ஆனால் வாசகரிடம் சந்தா வசூலித்தால் அதில் 10 விழுக்காட்டை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பணப் பரிமாற்றக் கட்டணம் அதற்கு மேல். இது குத்தகை முறையன்று, விளைச்சலில் பங்கு தரும் வார முறை. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் ஒன்றுமில்லை. வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது சப்ஸ்டாக்கின் பெரிய நன்மை. 2013-இல் தொடங்கிய கோஸ்ட் இதே வேலையைத் திறந்த மூல மென்பொருளாக, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளாகச் செய்கிறது. அதை அவர்களிடமே கட்டணத்துக்கு நடத்தலாம், உங்கள் சொந்தச் சர்வரிலும் (தளத்தை இயக்கும் கணினி) நிறுவலாம்.

நான்காவதுதான் சொந்த நிலம். தளத்தை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றில் இடம் எடுத்து, அதில் திறந்த மூல மென்பொருளை நிறுவி, நீங்களே நடத்துவது. இவ்வகையில் முதலிடம் வேர்ட்பிரஸுக்கு. 2003 மே மாதம் முதல் பதிப்பு வெளிவந்தது. இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் அதில்தான் நடக்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதில் தடுமாறியவர்கள். வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள். அதன் இல்லம் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க். மற்றொன்று, அதே மென்பொருளை வைத்து ஆட்டோமேட்டிக் என்னும் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் சேவை. அது வேர்ட்பிரஸ் டாட் காம். மென்பொருளை நீங்களே நிறுவினால் எந்தச் செருகுநிரலையும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்க்கலாம், எந்த ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மாறலாம். டாட் காமின் இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் விளம்பரம் வரும், செருகுநிரல் சேர்க்க முடியாது. நண்பர் ஒருவர் வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள் என்று சொன்னால், இரண்டில் எது என்று கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். டாட் காமில் தொடங்கிப் பிறகு சொந்த ஹோஸ்டிங்குக்கு மாறுவது கடினமன்று. மென்பொருள் ஒன்றே என்பதால் பதிவுகள் ஒழுங்காக வந்துசேரும்.

சொந்த நிலத்துக்குரிய உழைப்பும் இதில் உண்டு. மென்பொருளையும் செருகுநிரல்களையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால், பழைய செருகுநிரலின் ஓட்டை வழியாக எவரேனும் நுழைந்து சூதாட்ட விளம்பரங்களை வைத்துவிட்டுப் போவார்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க ஆளில்லாத வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஹியூகோ, ஜெக்கில் போன்ற மென்பொருள்களைக் கொண்டு நிலையான பக்கங்களாக (முன்கூட்டியே ஆக்கி முடித்த கோப்புகளாக) உருவாக்கி, கிட்ஹப் பேஜஸ் போன்ற இடத்தில் இலவசமாக வைப்பது இந்தத் தொல்லை இல்லாத வழி. உடைத்துப் புகுவதற்கு அங்கே தரவுத்தளமே இல்லை. ஆனால் கட்டளை வரிகளைக் கண்டு அஞ்சாதவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் விடுமுறையில் முயன்று பார்க்கலாம், அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகு யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் தீர்ப்பை மறைக்க விரும்பவில்லை. கையில் பணமில்லை, எழுத மட்டுமே ஆசை என்றால் பிளாகரில் தொடங்கி முதல் நாளே சொந்த முகவரியை இணைத்துவிடுங்கள். கல்வெட்டு ஆசிரியரைப் போல் நீண்ட காலம் எழுதிச் சேர்க்கப் போகிறவருக்குச் சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். நாகசுரம் செய்பவருக்கு நிலையான பக்கங்கள் அல்லது கூகுள் சைட்ஸில் ஒரு சிறு தளம் போதுமானது. சேலை வியாபாரத்தில் நாளுக்கு நான்கைந்து ஆர்டருக்கு மேல் வருமானால் ஷாப்பிஃபைக்குக் கட்டும் பணம் வீணாகாது, ஏனென்றால் பணம் வாங்கும் பக்கத்தின் பாதுகாப்பை நாமே காப்பது சிறு காரியமன்று. வாரத்துக்கு இரண்டு ஆர்டர்தான் என்றால், வேர்ட்பிரஸில் படங்களைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் வாட்ஸ்அப் பொத்தான் ஒன்றை வைத்து, யுபிஐ மூலம் பணம் வாங்கிக்கொள்ளலாம்.

நான்காம் படி: தமிழை வைத்துச் சோதித்தல்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பீட்டுக் கட்டுரைகள் எதிலும் இந்தப் படி இருக்காது. நமக்கோ இதுவே முக்கியமானது.

முதல் சோதனை ஒவ்வொரு பதிவுக்கும் உரிய முகவரி. பிளாகரில் தமிழ்த் தலைப்பு கொடுத்தால், அந்தச் சேவை தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு எல்லாப் பதிவுக்கும் ஒரே மாதிரியான பொதுப் பெயரையும் ஓர் எண்ணையும் முகவரியாக வைத்துவிடும். அதைப் பார்த்து எந்தப் பதிவு என்று யாராலும் சொல்ல முடியாது. வேர்ட்பிரஸ் இதற்கு நேர்மாறாகத் தமிழையே முகவரியில் வைக்கிறது, ஆனால் உள்ளே நடப்பது வேறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும், அதாவது மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக, முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். முகவரியின் அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடமோ 200 குறிகள்தான். 'கும்பகோணம் வெற்றிலை சாகுபடி' என்று மூன்று சொல்லில் தலைப்பு வைத்தால் 25 தமிழ்க் குறிகள். இடைக்கோடுகளோடு 227 ஆகிவிடும். விளைவாக முகவரி நடுவில் அறுந்து, சாகுபடியின் வால் இல்லாமல் நிற்கும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது பல நேரங்களில் அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு, பார்ப்பவரைப் பயமுறுத்தும். ஆகவே எந்தச் சேவையானாலும், பதிவை வெளியிடும் முன் முகவரியை ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று சொற்களாக நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் அறுபடும்.

இரண்டாவது சோதனை எழுத்துரு. வார்ப்புருக்கள், அதாவது சேவைகள் தரும் ஆயத்தப் பக்க வடிவங்கள், பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு ஏற்றவாறு வரி இடைவெளியை வைத்திருக்கும். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் 'கீ', 'மூ', 'ளூ' போன்றவை அடுத்த வரியோடு முட்டும். சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் சோதனைப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம்', 'கொள்ளிடம்', 'மூங்கிற்கூடை' என்பன போன்ற சொற்களைக் கொண்ட ஒரு முழுப் பத்தியை ஒட்டிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்களைச் சேர்க்க முடிகிறதா, வரி இடைவெளியை 1.7 அளவுக்குக் கூட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாத சேவையில் நீண்ட தமிழ்க் கட்டுரை எழுதுவது வாசகரின் கண்ணுக்குக் கொடுமை.

மூன்றாவது, பழைய எழுத்து. நம் பகுதியில் குடமுழுக்கு மலர்களும் ஊர்த் தலபுராணங்களும் முப்பது ஆண்டுகளாக பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகி வந்துள்ளன. அவற்றை அப்படியே எடுத்து ஒட்டினால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தேடுபொறியும் அவற்றைத் தமிழாகக் காணாது. முதலில் எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும், குறிப்பாக ஒகர ஓகாரங்களும் கிரந்த எழுத்துகளும் மாறிவிடும் இடங்களில். அவசரத்துக்கு அந்தப் பக்கங்களைப் படமாக ஏற்றுபவர்கள் உண்டு. படத்துக்குள் இருக்கும் தலபுராணத்தைத் தேடுபவர் எளிதில் கண்டடைய மாட்டார்.

ஐந்தாம் படி: கடைமடைக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்தல்

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் வந்து சேர்கிறதா என்பதே டெல்டாவின் பழைய கேள்வி. இணையதளத்துக்கும் அதைக் கேட்க வேண்டும். நீங்கள் வடிவமைப்பைப் பார்ப்பது கும்பகோணத்தில் வைஃபையுடன் இருக்கும் பெரிய திரையில். உங்கள் வாசகர் படிப்பது திருத்துறைப்பூண்டியைத் தாண்டிய பேருந்தில், சிக்னல் ஒரு கோடாகக் குறைந்த கைபேசியில். நகரும் படங்களும் பின்னணிக் காணொளியும் நிறைந்த வார்ப்புரு அங்கே வெள்ளைத் திரையாகவே நிற்கும்.

சோதிக்கும் வழி எளிது. அந்தச் சேவையில் ஏற்கெனவே இயங்கும் தளம் ஒன்றை, கைபேசி டேட்டாவில், முடிந்தால் ஊருக்கு வெளியே நின்று திறந்து பாருங்கள். ஐந்தாறு நொடிகளுக்குள் எழுத்து தெரியவில்லை என்றால் அந்த வார்ப்புரு வேண்டாம். கைபேசியில் எடுத்த படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். அதை 200 கேபி அளவுக்குச் சுருக்கிய பிறகே ஏற்றும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொள்ளுங்கள். வெண்கலப் படிமத்தின் நகாசு வேலை தெரிய வேண்டுமென்று பெரிய படத்தை வைக்க விரும்பும் சிற்பிகளிடம், சிறிய படத்தைக் காட்டி, அதைத் தொட்டால் பெரியது திறக்கும்படி அமைத்துத் தருகிறேன்.

ஆறாம் படி: மூன்றாண்டுச் செலவைக் கணக்கிடுதல்

விளம்பரத்தில் காட்டும் மாத விலையை நம்பித் திட்டமிட வேண்டாம். ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் தவணைக்குக் குறைந்த விலை சொல்லி, புதுப்பிக்கும்போது இரு மடங்கும் அதற்கு மேலும் கேட்பது வழக்கம். புதுப்பிப்பு விலை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதைத் தேடி எடுத்து, 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்து, டொமைன் கட்டணத்தையும் கூட்டி, மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். பூட்டுக் குறி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, நல்ல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமே அதை நிறுவித் தந்துவிடும்.

வெளிநாட்டுச் சேவைகள் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவதும் ஆபத்து. தானியங்கிப் பணப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடுமையான விதிகளை நடைமுறைப்படுத்தியிருப்பதால், இந்திய அட்டைகளிலிருந்து அத்தகைய பிடித்தங்கள் பல முறை தோற்றுவிடுகின்றன. நாளைக் குறித்துவைத்து நீங்களே கட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: வெளியேறும் வழியைத் தொடக்கத்திலேயே நடந்து பார்த்தல்

சேவையைத் தேர்ந்து, பத்துக் கட்டுரைகளோ பத்துப் பொருள்களோ ஏற்றியானதும் நின்றுவிடுங்கள். ஏற்றுமதி என்ற வசதியைத் தேடி, எல்லாவற்றையும் ஒரு கோப்பாக எடுங்கள். அந்தக் கோப்பை ஒரு சோதனை வேர்ட்பிரஸில் இறக்கிப் பாருங்கள். எழுத்து வந்ததா, தேதி சரியாக இருக்கிறதா, மறுமொழிகள் வந்தனவா, படங்கள் தெரிகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வேர்ட்பிரஸோ பிளாகரோ தரும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து இருக்கும். படங்கள் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. பழைய தளம் உயிரோடிருக்கும்போது இறக்கினால் படங்களும் உடன் வரும். பழைய தளம் மூடிய பிறகு அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு படங்களைத் திரும்பப் பெற முடியாது. நான் இழந்தது இப்படித்தான். கோப்பு கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்துவிட்டேன். ஆகவே படங்களுக்கென்று தனிக் கோப்புறை ஒன்றை முதல் நாளிலிருந்தே உங்கள் கணினியில் வைத்து, ஏற்றும் ஒவ்வொரு படத்தின் மூலப் பிரதியையும் அதில் சேருங்கள்.

நகல்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் ஒரே நகலுக்குச் சமம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நகல் வீட்டிலும், ஒன்று இணையச் சேமிப்பிலும், ஒன்று திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் உறவினரிடம் பென் டிரைவிலுமாக மூன்று இடங்களில் வையுங்கள்.

பத்துக் கட்டுரைகளில் சோதனை தோற்றால், அன்றைக்கே வேறு சேவைக்கு மாறுங்கள். கையால் ஒட்டினாலும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். வெற்றி பெற்றால் எழுதத் தொடங்குங்கள், ஆனால் அதே சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பச் செய்யுங்கள். நாள் மறக்காமலிருக்க நான் ஜூன் 12-ஐ வைத்துக்கொண்டிருக்கிறேன், மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் அது. அன்று காலையில் டொமைனின் காலக்கெடுவைப் பார்க்கிறேன், கடவுச்சொற்கள் எழுதிய குறிப்பேட்டை மகளிடம் ஒருமுறை காட்டுகிறேன், ஏற்றுமதிக் கோப்பை எடுத்து அதிலிருந்து ஏதேனும் ஒரு பழைய கட்டுரையைத் திறந்து படங்களோடு முழுமையாக வருகிறதா என்று படித்துப் பார்க்கிறேன்.